காப்புரிமையா, வடிவமைப்புப் பதிவா?

புதுச்சேரியில் செருப்புத் தயாரிக்கும் ஒருவர், சர்க்கரை நோயாளிகளின் பாத அழுத்தத்தைக் குறைக்கும் புதிய அடிப்பாகத்தை உருவாக்கி, 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின்கீழ் உரிமை பெற்றால், அது இயங்கும் முறைக்கே விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. ஆனால் விண்ணப்பத்தின் மீதான ஆய்வு கடுமையானது, மூன்றாம் ஆண்டு முதல் புதுப்பிப்புக் கட்டணமும் சேரும்.

2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் தோற்றத்தை மட்டுமே காக்கிறது: 10 ஆண்டுகள், நீட்டித்தால் மேலும் 5. செலவு குறைவுதான், எனினும் அதே உத்தியை வேறு தோற்றத்தில் பிறர் விற்பதை அது தடுக்காது.

உழைப்பு முழுவதும் உத்தியில் இருக்கும்போது காப்புரிமையே தகும் என்பது என் உறுதியான கருத்து. பணம் போதாதவர் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பின் முதற்கட்ட விவரத்தை, தாக்கல் செய்து, முழு விவரக்குறிப்புக்கு 12 மாத அவகாசம் பெறலாம். விண்ணப்பிக்கும் முன்பே நேரு வீதிக் கடையில் விற்பனைக்கு வைத்துவிட்டால், இரண்டு வழிகளிலும் புதுமை என்ற தகுதி போய்விடும்.