பம்ப் சத்தம் வருகிறது, பிரஷர் எங்கே? பழைய எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) பைக்கோடு நீண்ட நாள் அனுபவம்

காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, வேகத்தில் இழுக்காமல் தொய்ந்துகொண்டிருந்த என் வண்டி ஒருவழியாகச் சரியாகிவிட்டது. டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் யூனிட்டை வெளியே எடுத்து, அதிலிருந்த விரல் நீள ரப்பர் ஹோஸ் ஒன்றை மாற்றியதோடு வேலை முடிந்தது. அந்த ஹோஸுக்கு வந்து சேர்வதற்குள் ஸ்பார்க் பிளக் மாறியது, இக்னிஷன் காயில் மாறியது, எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குக் கிளீனிங் நடந்தது, ஏர் ஃபில்டரும் புதிதாக ஏறியது. கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒவ்வொரு முறையும் மெக்கானிக்கிடம் பம்பைப் பற்றிக் கேட்டால் கிடைத்தது ஒரே பதில்: "சாவி போட்டா பம்ப் சத்தம் வருதே, அப்புறம் பம்ப்ல என்ன கோளாறு இருக்கப் போகுது?"

அந்தப் பதிலைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். இந்த மாடலின் மைலேஜ், சீட், சஸ்பென்ஷன் பற்றியெல்லாம் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். எனக்கு அவற்றில் பெரிய குறை எதுவும் இல்லை.

சாவியைத் திருப்பியதும் பம்ப் இரண்டு மூன்று வினாடி ஓடி நிற்கும். டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரை பெட்ரோலை நிரப்பிப் பிரஷர் ஏற்றி வைப்பதற்காக அந்த ஓட்டம். அப்புறம் எஞ்சின் சுழல ஆரம்பித்தால்தான் மறுபடி ஓடும். அந்தச் சத்தம் கேட்டால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, ரிலே வேலை செய்கிறது, எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச் சரி, வண்டி சாய்ந்தால் கரண்டை வெட்டும் சென்சாரும் தடுக்கவில்லை, மோட்டார் சுற்றுகிறது. இவ்வளவுதான் தெரியும். மோட்டார் சுற்றித் தள்ளுகிற பெட்ரோல் இன்ஜெக்டருக்குப் போகிறதா, வழியில் ஒழுகித் திரும்ப டேங்குக்கே போகிறதா என்பது சத்தத்தில் தெரியாது. காது வைத்துப் பார்த்துப் பிரஷர் சொல்ல யாராலும் முடியாது.

பெரும்பாலான எஃப்.ஐ. பைக்குகளுக்கு வேண்டிய பிரஷர் சுமார் 3 பார், அதாவது 43 பி.எஸ்.ஐ. சில பழைய வண்டிகளில் 2.5 பார், சிலவற்றில் 3.5 பார். என் வண்டிக்கு 3. இதில் வேதனை என்னவென்றால், இந்தத் தலைமுறை வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் பிரஷரை அளக்கும் சென்சாரே கிடையாது. பிரஷர் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் இ.சி.யு. என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறப்பது என்று கணக்குப் போடுகிறது. இன்ஜெக்டர் வழியாகப் போகும் பெட்ரோல், பிரஷரின் வர்க்கமூலத்தை ஒட்டிக் கூடும், குறையும். 3 பார் 2 ஆக இறங்கினால் கிட்டத்தட்ட 18 சதவீதம் பெட்ரோல் குறைவாகப் போகும். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்துப் பெட்ரோலைத் திருத்தும் ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியாக இருந்தால் மெதுவான ஓட்டத்திலாவது கொஞ்சம் ஈடு கட்டும். என் வண்டியில் அதுவும் இல்லை. எஞ்சின் மூச்சு முட்டும்போதுகூட எஃப்.ஐ. விளக்கு எரியாது. ஸ்கேனரை மாட்டினால் "கோளாறு எதுவும் பதிவாகவில்லை" என்று வரும். அதைக் காட்டித்தான் பம்பை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றினார்கள்.

அறிகுறிகளைச் சொல்கிறேன், இதே தொல்லை இருப்பவர்களுக்குப் பட்டென்று புரியும். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குச் செல்ஃபை நீளமாக அழுத்த வேண்டியிருந்தது. சாவியை ஆன் செய்து, ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்து அழுத்தினால் உடனே பிடித்துக்கொள்ளும். இது பெரிய துப்பு. எஞ்சினை நிறுத்தியதும் லைனில் நிற்க வேண்டிய பிரஷர் நிற்கவில்லை, ஒரு தடவை பம்ப் ஓடுவது போதவில்லை, இரண்டாவது ஓட்டத்தில்தான் ஏறுகிறது என்று அர்த்தம். ஐட்லிங்கில் குறையே இல்லை. ஊருக்குள் ஓட்டினால் சந்தேகமே வராது. நன்றாகச் சூடான பிறகு, டாப் கியரில் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினால் வண்டி இழுக்காமல் தொய்ந்துவிடும். கையைத் தளர்த்தினால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். லாரியை ஓவர்டேக் செய்யும்போது, எதிரே வண்டி வருகிற நேரத்தில் அது நடந்தால் வரும் பயம் சாதாரணமானது இல்லை. என் கோபம் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது.

பம்ப் வரை போவதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. முதலில் டேங்க் மூடியின் காற்றுத் துளை. வண்டி தொய்கிற நேரத்தில் ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கிறதா, அப்புறம் வண்டி சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் துளை அடைத்திருக்கிறது, செலவே இல்லாத வேலை. என் வண்டியில் அது இல்லை.

அடுத்தது வோல்டேஜ். இதை அளக்கும் இடமும் நேரமும் முக்கியம். கனெக்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு மீட்டரை வைத்தால் பேட்டரியில் உள்ளது அப்படியே காட்டும், எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும். கனெக்டர் மாட்டியபடியே, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, பின்பக்கமாக முனையைச் செருகி அளக்க வேண்டும். பேட்டரியில் உள்ளதற்கும் பம்பில் வருவதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் எங்கோ கரண்ட் விழுங்கப்படுகிறது. பழைய வண்டிகளில் கில் சுவிட்சின் பச்சை பிடித்த காண்டாக்ட், ரிலேயின் கருகிய கால், எர்த் ஒயரின் துரு, இந்த மூன்றும் வழக்கமான குற்றவாளிகள். வோல்டேஜ் குறைந்தாலும் பம்ப் சத்தம் போடும். வேகம் குறைந்து, தள்ளும் பெட்ரோலும் குறைந்திருக்கும், அவ்வளவே. என் கனெக்டரில் ஒரு பின் லேசாகக் கறுத்திருந்தது. சுத்தம் செய்ததில் கொஞ்சம் முன்னேற்றம், கோளாறு போகவில்லை.

மிச்சம் இருந்தது பிரஷர் கேஜ். டேங்கிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் லைனில் ஒரு டி இணைப்பு கொடுத்துக் கேஜை மாட்ட வேண்டும். லைனைக் கழற்றும் முன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சினைத் தானாக அணையும் வரை ஓடவிட வேண்டும். இல்லையென்றால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். எஞ்சின் ஆறிய பிறகு, துணியைச் சுற்றிக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். இதில் அவசரமே வேண்டாம்.

கேஜில் கண்டது இது. குளிர்ந்த எஞ்சினில் சாவி போட்டதும் முள் 3 பார் வரை ஏறியது. பம்ப் நின்றதும் சில வினாடிகளில் சரசரவென்று சுழியத்துக்கு இறங்கியது. நல்ல நிலையில் உள்ள வண்டியில் அது அப்படியே நின்று மெதுவாகத்தான் இறங்க வேண்டும். வண்டியை ஓட்டிச் சூடாக்கி வந்து மறுபடி பார்த்தால், வண்டி நின்றிருக்கும்போதே முள் 2 பார் பக்கம் தடுமாறிக்கொண்டிருந்தது. பம்ப் மட்டும் வழக்கம் போல அழகாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு நாள் தேடிய விடை, ஒரு கேஜை மாட்டிய சில நிமிடத்தில் கண்ணெதிரே நின்றது. ஏன் இதை யாரும் முதலிலேயே செய்யவில்லை என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பிரஷர் குறைவதற்கு உள்ளே நாலைந்து காரணங்கள் இருக்கலாம்: அடைத்த வலை ஃபில்டர், உள் ஃபில்டர், பிரஷரை ஒரே அளவில் வைக்க வேண்டிய ரெகுலேட்டர் மூடாமல் நிற்பது, தேய்ந்த மோட்டார், ஒழுகும் ஹோஸ். ஃபியூஸ் இடத்தில் ஆம்மீட்டரை வைத்துப் பார்த்தால் கொஞ்சம் பிரித்தறியலாம். மோட்டார் இறுகியிருந்தாலோ அதற்கு அப்புறமுள்ள ஃபில்டர் அடைத்திருந்தாலோ மோட்டார் திணறும், கரண்ட் வழக்கத்தைவிட ஏறும். என் பம்ப் திணறவே இல்லை. தடங்கல் இல்லாமல் ஓடுகிறது, பிரஷர் மட்டும் இல்லை என்றால் பெட்ரோல் எங்கோ வழி கண்டுபிடித்துப் போகிறது என்றுதானே அர்த்தம்?

யூனிட்டை வெளியே எடுத்துப் பார்த்தபோது ஹோஸ் முதலில் நன்றாகத்தான் தெரிந்தது. தொட்டால் மட்டும் ஊறிப்போனது போல மெத்தென்று இருந்தது. விரலால் வளைத்ததும் கிளாம்ப்புக்கு ஓரத்தில் ஒரு கீறல் வாய் திறந்தது, நக நீளம் இருக்கும். விட்டால் மூடிக்கொள்கிறது. குளிரில் மூடியிருக்கும், சூட்டில் ரப்பர் இளகிப் பிரஷர் தள்ளும்போது திறக்கும். பம்ப் தள்ளுகிற பெட்ரோலில் ஒரு பங்கு அதன் வழியாக டேங்குக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, வாடைகூட வராது.

நியாயமாகச் சொன்னால் அது கம்பெனி போட்ட ஹோஸ் இல்லை. கம்பெனி கிளாம்ப் இருந்த இடத்தில் திருகு கிளாம்ப் இருந்தது. முன்பு யாரோ மாற்றியிருக்கிறார்கள், வெளியே போடும் சாதாரண பெட்ரோல் ஹோஸைப் போட்டிருக்கிறார்கள். அந்த ஹோஸ் உள்ளே பெட்ரோல் ஓடுவதற்காகச் செய்தது, வெளிப்புறமும் பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதைத் தாங்காது. டேங்குக்குள் போடுவதற்கென்றே எஸ்.ஏ.இ. ஜே30ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ் தனியாக இருக்கிறது. அதைத்தான் போட வேண்டும். ஆனால் மாற்றியவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது? இந்த ஹோஸைத் தனியாகக் கம்பெனியில் கேட்டால் கிடையாது. வலை ஃபில்டரும் தனியாகக் கிடையாது, ரெகுலேட்டரும் கிடையாது. மோட்டாரோடு, பெட்ரோல் அளவு காட்டும் ஃப்ளோட்டோடு, யூனிட்டை டேங்கில் பொருத்தும் தட்டோடு முழு யூனிட்டாகத்தான் தருவார்கள். விரல் நீள ரப்பருக்கு முழு யூனிட் விலை! கையில் கிடைத்ததை வைத்து வேலையை முடிக்கத்தான் யாருக்கும் தோன்றும். கேஜ் மாட்ட ஒரு சின்ன வாயாவது லைனில் வைத்திருக்கலாம், அதுவும் இல்லை. கவாஸாகி 1980இல் இசட்1000இலும், பி.எம்.டபிள்யூ. 1983இல் கே100இலும் இன்ஜெக்‌ஷன் கொண்டு வந்தன. எவ்வளவோ பின்னால் வந்த என் வண்டியில்கூட இந்த வசதி இல்லாததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திரும்ப மாட்டும்போது இன்னொரு தொல்லை. தட்டுக்கு அடியில் இருக்கும் ஓ ரிங் பெட்ரோலில் ஊறிப் பெரிதாகியிருந்தது, அதன் பள்ளத்தில் உட்கார மறுத்தது. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டால் பழைய அளவுக்குச் சுருங்கும். புதிது ஒன்றை முன்பே வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அமுக்கித் திணித்தால் தட்டின் ஓரத்தில் கசியும்.

இப்போது காலையில் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது. எந்த வேகத்தில் திருகினாலும் இழுக்கிறது. மலையேற்றத்தில் உயரம் கூடக்கூடக் கார்புரேட்டர் வண்டிகள் திணறும் இடத்தில் இது காற்றழுத்தத்தைப் பார்த்துத் தானே பெட்ரோலைக் குறைத்துக்கொண்டு ஒரே சீராக ஏறுகிறது. மழையானாலும் குளிரானாலும் சோக் இழுக்கும் வேலை இல்லை. இந்த எஞ்சினின் இழுவைக்கு ஈடாக அதே காலத்து வண்டி ஒன்றை இதுவரை நான் ஓட்டியதில்லை.

இதே மாடலைப் பழையதாக வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேலே புகழ்ந்ததில் ஒரு வரியையும் நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் பெட்ரோல் வராதபோது விளக்குகூடப் போடாத வண்டியை, உள்ளே இருக்கும் ரப்பர் துண்டைத் தனியாகத் தராத கம்பெனியை நம்பி, இன்னொருவரை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே கம்பெனியின் கார்புரேட்டர் வண்டி கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அவர் கேட்பதாக இல்லை, பார்க்கப் போகிறார். அதனால் இதையும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வண்டியை உரிமையாளர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க விடாதே, எஞ்சின் குளிர்ந்தே இருக்க வேண்டும். சாவியை ஒரே தடவை போட்டு, பம்ப் நின்றதும் செல்ஃபை அழுத்து. உடனே பிடிக்கிறதா என்று பார். டேங்கைத் தூக்கிப் பம்ப் தட்டின் நட்டுகளைப் பார். முனை மழுங்கியிருந்தால் முன்பே யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள், என்ன மாற்றினார்கள் என்று கேள். டேங்கில் எப்போதும் அடியில் கொஞ்சமே பெட்ரோல் வைத்து ஓட்டுகிறவரா என்று பேச்சோடு பேச்சாக விசாரி. பம்ப் மோட்டாரைக் குளிர்விப்பதே அதைச் சுற்றி நிற்கும் பெட்ரோல்தான், கால் டேங்குக்குக் கீழேயே ஓடிய பம்ப் சீக்கிரம் தேயும். "பம்ப் சத்தம் வருதே" என்று சொன்னால் சரி என்று கேட்டுக்கொண்டு, கேஜை எடுத்து மாட்டு.