நன்னாரிப் பாகு: காய்ச்சுவதா, பாட்டில் வாங்குவதா?

மூன்று கோடையாக எங்கள் வீட்டில் நன்னாரிப் பாகை நானே காய்ச்சுகிறேன். அதற்கு முன்னால் பல வருடம் கடைப் பாட்டில்தான் வாங்கினோம். இரண்டையும் பழகிப் பார்த்துத்தான் சொல்கிறேன்: என் ஓட்டு வீட்டுப் பாகுக்கே.

இந்த ஒரு பாகு கையில் இருந்தால் விதவிதமாகக் கலக்கலாம். எலுமிச்சையும் சோடாவும் சேர்த்தால் சர்பத். பாலில் ஊற்றினால் பால் சர்பத். ஊறவைத்த பாதாம் பிசினும் சுண்டக் காய்ச்சிய பாலும் ஐஸ்கிரீமும் சேர்ந்தால் மதுரை ஜிகர்தண்டா. ஊறிய சப்ஜா விதை, கீறிய பச்சை மிளகாய், எலுமிச்சை எல்லாம் போட்டு மூடிக் குலுக்கினால் கேரளத்துக் குலுக்கி சர்பத்.

பாட்டிலில் வேலையே இல்லை. திறந்து ஊற்றினால் போதும். வீட்டில் காய்ச்ச ஓர் இரவு ஊறலும், காலையில் முக்கால் மணி நேரமும் வேண்டும். செலவு என்று பார்த்தால் வேரும் சர்க்கரையும்தான்.

வேர் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். நான் வாங்கும் நாட்டு மருந்துக் கடைக்காரர் முதல் தடவையே சொன்னார்: "குச்சி குச்சியா சன்னமா இருந்தாத்தான் நன்னாரி. தடியா, சதைப்பிடிப்பா இருந்தா அது மாகாளிம்மா." ஊறுகாய் போடும் அதே மாகாளிக் கிழங்குதான். இரண்டுக்கும் மணம் தரும் பொருள் ஒன்றே என்பதால் மூக்கை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. வெனிலாவின் மணப்பொருளான வெனிலினுக்கு இது நெருங்கிய உறவு: அணுக்கள் அதே எண்ணிக்கை, அடுக்குதான் வேறு. பால் சர்பத் வெனிலா ஐஸ்கிரீமோடு அவ்வளவு இணங்கிப் போவது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இந்த மணம் ஆவியோடு பறந்துவிடும். வேரைப் போட்டுக் கொதிக்க விட்டால் வீடெல்லாம் கமகமவென்று மணக்கும், பாட்டிலில் பாதிதான் மிஞ்சும். அதனால் நான் வேரைக் கொதிக்கவிடுவதே இல்லை. 100 கிராம் வேரை மண் போகக் கழுவி, அம்மியில் தட்டி, நடுவில் இருக்கும் கட்டை நரம்பை எடுத்துவிடுவேன். மணமெல்லாம் பட்டையில்தான். அதன் மேல் 600 மில்லி கொதிநீரை ஊற்றி, இறுக்கி மூடி, இரவு முழுக்க ஊறவிடுவேன். காலையில் துணியில் வடித்தால் 400 மில்லிக்குக் குறையாமல் கிடைக்கும்.

அப்புறம் 1 கிலோ சர்க்கரை, 150 மில்லி தண்ணீர், அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசுக்குப் பதம் வரும்வரை காய்ச்சி, 400 மில்லி வடிநீரை ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுவேன். 1 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். குவளைக்கு 30 மில்லி வீதம் முப்பத்தைந்து பேருக்குக் கொடுக்கலாம்.

எது நல்லது என்ற கேள்வியைத் தீர்ப்பது, என்னைக் கேட்டால், பாகு எத்தனை நாள் கெடாமல் நிற்கிறது என்பதுதான். வீட்டில் செய்து பார்த்துவிட்டுக் கைவிட்டவர்கள் பலரும் இங்கேதான் சறுக்கியிருக்கிறார்கள். முதல் வருடம் நானும் சர்க்கரையும் தண்ணீரும் சம எடை போட்டேன். பிரிட்ஜில் வைத்தும் மூன்றாவது வாரம் பாட்டில் கழுத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்தது. அப்படியே கொட்டினேன். சம எடை என்றால் பாதி தண்ணீர். பூஞ்சணம் பிழைக்க அது தாராளம். தண்ணீரைப் போல இரண்டு மடங்கு எடை சர்க்கரை சேர்ந்தால், இருக்கிற நீரில் பெரும்பகுதியைச் சர்க்கரையே பிடித்து வைத்துக்கொள்ளும். கிருமிக்கு எளிதில் எட்டாது.

ஆனால் அந்த அளவில் பிரிட்ஜுக்குள் அடியில் கற்கண்டு கட்டும். அதைத் தடுக்கத்தான் எலுமிச்சைச் சாறு. கொதியில் அது சர்க்கரையில் ஒரு பங்கை உடைத்துவிடுவதால் படிகம் சேராது.

சூட்டோடு பாட்டிலில் ஊற்றி மூடினால் மூடியின் உள்பக்கம் வேர்த்து, அந்தத் துளிகள் மேல்பாகை நீர்க்கச் செய்யும். பூஞ்சணம் தொடங்குவது அங்கேதான். முழுக்க ஆறியதும், வெயிலில் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி மூட வேண்டும். ஈரக் கரண்டி கூடவே கூடாது. இப்படிச் செய்த பாகு எங்கள் வீட்டில் பிரிட்ஜுக்கு வெளியே இரண்டு மாதம் நன்றாக இருந்தது. அதற்கு மேல் தீராமல் நின்றதில்லை.

கடைப் பாட்டில் இந்த விஷயத்தில் ஜெயிக்கும், சந்தேகமில்லை. பலவற்றில் சோடியம் பென்சோயேட் மாதிரி பதப்பொருள் இருக்கும். கை தவறினாலும் தாங்கும். வேரும் சர்க்கரையும் மட்டும் சேர்த்த நல்ல பாட்டில்களும் உண்டு, லேபிளைப் படித்து வாங்க வேண்டும். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. வீட்டுப் பாகு தேநீர் நிறம்தான். கன்னங்கரேலென்று இருந்தால் பெரும்பாலும் நிறம் சேர்த்தது. சிட்ரிக் அமிலம் சேர்த்ததா என்றும் பாருங்கள். அப்படி ஒரு பாட்டிலைப் பாலில் ஊற்றப் போய் எனக்கு அரை லிட்டர் பால் திரிந்தது. சர்பத்துக்கு அந்தப் பாகு என்றால் எலுமிச்சையைக் குறைத்துக்கொள்ளலாம்.

கருப்பட்டியில் ஒரே ஒரு தடவை செய்திருக்கிறேன். கருப்பட்டி வாசம் நன்னாரியை அமுக்கிவிட்டது, ஆனால் பாலில் அபாரமாக இருந்தது. ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டதால் அது எத்தனை நாள் தாங்கும் என்று என் அனுபவத்தில் சொல்ல வழியில்லை.

வருடத்துக்கு நாலு தடவைதான் சர்பத் போடுவீர்கள் என்றால் பாட்டிலே சரி. சித்திரை, வைகாசி முழுக்கத் தினம் சாயங்காலம் குவளை நீட்டும் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால், பங்குனிக் கடைசியிலேயே 100 கிராம் வேர் வாங்கி வைத்துவிடுங்கள்.