பொழுது சாயும்வரைதான் வரம்: ‘ஃபோர் கிட்ஸ் அண்ட் இட்’

மனைவியை இழந்தவரோ பிரிந்தவரோ மறுமணம் செய்துகொண்டால், நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு முதலில் வரும் குழப்பம் புதியவரை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான். கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பாதிப் பிள்ளைகள் ‘ஆன்டி’ என்றே காலத்தை ஓட்டிவிடுவார்கள். தமிழில் சித்தி என்ற சொல் அம்மாவின் தங்கைக்கும் உண்டு, அப்பாவின் இரண்டாவது மனைவிக்கும் உண்டு. முன்னதில் பாசம். பின்னதில் சீரியல் பார்த்த பயம். இரண்டு குடும்பம் ஒன்றாகும் கதையைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க நினைப்பவர்கள் இந்த ஒரு சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு ‘ஃபோர் கிட்ஸ் அண்ட் இட்’ படத்தைப் போடலாம்.

படம் 2020 ஏப்ரலில் பிரிட்டனில் ஸ்கை தொலைக்காட்சி வழியாக வெளியானது. உலகெங்கும் திரையரங்குகள் பூட்டிக் கிடந்த நேரம். மலேசியாவில் மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தது. அதனால் பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படாமலே போய்விட்டது. இயக்கம் ஆண்டி டி எமனி. சுமார் 110 நிமிடம். மூலம், ஜாக்குலின் வில்சன் 2012-இல் எழுதிய சிறுவர் நாவல். அந்த நாவலுக்கும் ஒரு மூலம் உண்டு: ஈ. நெஸ்பிட் 1902-இல் எழுதிய ‘ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்’. நூறு வருட இடைவெளியில் கதைக்குள் புகுந்த புதுச் சரக்கு மணமுறிவும் மறுமணமும்தான். நெஸ்பிட்டின் பிள்ளைகள் ஐவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இங்கே நால்வரும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள்.

டேவிட்டுக்கு (மாத்யூ கூட்) ரோஸ், ராபி என்று இருவர். ஆலிஸுக்கு (பவுலா பேட்டன்) ஸ்மாஷ், மௌடி என்று இருவர். விடுமுறைக்கு என்று சொல்லி ஆளுக்கொரு பக்கமாகத் தங்கள் பிள்ளைகளை இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரைக்குக் கூட்டி வருகிறார்கள். அங்கே வந்த பிறகுதான் பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் விரும்புவது பிள்ளைகளுக்குத் தெரிகிறது. புத்தகமே கதி என்று கிடக்கும் ரோஸுக்கு அம்மா திரும்பி வந்துவிடுவார் என்ற நம்பிக்கை. ஸ்மாஷுக்குத் தன் அப்பாவும் அம்மாவும் மறுபடி சேர வேண்டும். இரண்டு பேர் ஆசையும் ஒன்றுதான். ஆனால் ஒருத்தி ஆசைக்கு மற்றவள் குடும்பமே குறுக்கே நிற்கிறது. படத்தின் உயிர் இந்த முடிச்சில் இருக்கிறது.

கடற்கரை மணலுக்குள்ளிருந்து எழுந்து வருகிறது வரம் கொடுக்கும் உயிரி. ஆங்கிலத்தில் அதன் பெயரை ‘சாமியாட்’ என்று உச்சரிக்கிறார்கள். மணலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து நெஸ்பிட் கட்டிய பெயர். நம் பிள்ளைகள் காதில் அது சாமி, சாமியாடி என்றுதான் விழும். விழட்டும், வாக்குக் கொடுக்கும் வேலை இரண்டுக்கும் பொதுதானே. நெஸ்பிட் அதை வரைந்திருப்பது இன்றைக்கும் கண்ணில் நிற்கும்: நத்தைக்கு இருப்பதுபோல நீண்ட கொம்புகளின் நுனியில் கண்கள், உள்ளே இழுத்துக்கொள்ளவும் வெளியே நீட்டவும் முடியும், வௌவால் காது, சிலந்தி போல உருண்ட உடம்பு, அதன்மேல் மெத்தென்ற ரோமம், குரங்குக் கை, குரங்குக் கால். தண்ணீர் பட்டால் ஆகாது. வரம் கேட்டால் மூச்சை அடக்கி உடம்பை ஊதிப் பெருக்கும், பிறகு காற்று இறங்கும், ஆசை பலித்திருக்கும். படத்தில் அதைக் கணினியில் உருவாக்கியிருக்கிறார்கள். உருவத்தைவிடக் குரல்தான் நம்மைக் கட்டிப்போடுகிறது. குரல் கொடுத்தவர் மைக்கேல் கேய்ன். எண்பதைத் தாண்டிய வயதில், தூக்கம் கெட்ட தாத்தாவின் சலிப்பும் அதற்கடியில் கொஞ்சம் பரிவுமாக அவர் பேசுவதைக் கேட்பதற்காகவே சத்தத்தைச் சற்று கூட்டி வைக்கலாம்.

வரத்துக்கு இரண்டே விதி. ஒரு நாளைக்கு ஒன்று. பொழுது சாய்ந்ததும் பலித்தது எல்லாம் மறைந்துவிடும்.

இந்த இரண்டாவது விதிதான் இதைக் கலந்த குடும்பங்களுக்கு ஏற்ற படமாக்குகிறது. நமக்கு வரமும் மாற்றாந்தாயும் ஒரே கதையில் வருவது புதிதில்லை. கைகேயி கேட்ட இரண்டு வரத்தில் ஒரு மகன் காட்டுக்குப் போனான், இன்னொரு மகன் வேண்டாத அரியணையைப் பார்த்து அழுதான். அப்பாவின் மடியிலிருந்து சுருசி இறக்கிவிட்ட துருவன், காட்டுக்குப் போய்த் தவமிருந்து அசையாத இடத்தை வாங்கி வந்தான். நம் கதைகளில் வரம் கொடுத்தால் கொடுத்ததுதான். யுகத்துக்கும் நிற்கும், யாராலும் திருப்ப முடியாது. அதனாலேயே அங்கே தவறு பெரும் தவறாகிறது. இந்தப் படத்தில் வரம் ஒரு பகல்தான் தாங்கும். பாப் பாடகியாகிப் பெருங்கூட்டத்தின் முன் நிற்கும் ஸ்மாஷ் இரவில் அதே வீட்டுக்கு, அதே அறைக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே ரோஸ் இருப்பாள். பிரிந்த பெற்றோரை ஒரு பகலுக்கு மட்டும் சேர்த்து வைத்து என்ன பயன் என்ற கேள்வி பத்து வயதுப் பிள்ளைக்கும் தானாகவே எழும். அதை யாரும் வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கதையின் விதியே சொல்லிவிடுகிறது.

ஆனால் இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. கோலாலம்பூரில் ஆண்டு முழுக்கச் சூரியன் மாலை ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவில் மறைந்துவிடும். பினாங்கில் இன்னும் சில நிமிடம் தாமதம், அவ்வளவுதான். கார்ன்வாலில் கோடையின் உச்சத்தில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். குளிர்காலத்தில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இது தெரியாத நம் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு ஆசை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்ற கணக்குப் பிடிபடாது. படம் தொடங்குமுன் உலக வரைபடத்தில் கார்ன்வாலைக் காட்டி, அது பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு வடக்கே இருக்கிறது என்று இரண்டு நிமிடம் சொல்லிவிட்டால் போதும். (திரையில் தெரியும் கடற்கரை உண்மையில் அயர்லாந்து. படப்பிடிப்பு அங்கேதான் நடந்தது.)

குறை எங்கே என்றால், வில்லனிடம். டிரிஸ்டன் டிரென்ட் என்ற மாளிகைக்காரர் அந்த உயிரியைத் தன்வசப்படுத்தத் துடிக்கிறார். ரசல் பிராண்ட் கைகளை விரித்து, கண்ணை உருட்டி, ஒவ்வொரு வசனத்தையும் மேடை நாடகம் போல நீட்டி நடித்திருக்கிறார். சிறு பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் அவர் வந்து நின்றதும் நான்கு பிள்ளைகளின் கதை ஓரத்துக்குப் போய்விடுகிறது. நெஸ்பிட்டின் புத்தகத்தில் இப்படி ஒரு வில்லனே கிடையாது. அங்கே ஒவ்வொரு ஆசையும் தானே வில்லனாக மாறும். குழி நிறையத் தங்கக் காசு கேட்கிறார்கள், கிடைக்கிறது, எல்லாம் பழங்காலத்துக் காசு, கடைக்காரர் வாங்க மறுக்கிறார். சிறகு கேட்கிறார்கள், பறந்து போய்த் தேவாலயக் கோபுரத்தின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டு அப்படியே தூங்கிவிடுகிறார்கள், விழித்துப் பார்த்தால் பொழுது சாய்ந்திருக்கிறது, சிறகு இல்லை, இறங்க வழியும் இல்லை. ஆசையின் உள்ளுக்குள்ளேயே அதன் கேடு ஒளிந்திருக்கும் இந்த நுட்பத்தைப் படம் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். துரத்தலுக்குக் கொடுத்த நிமிடங்களில் பாதியையாவது நால்வரும் ஒரே மேசையில் சாப்பிடுவதற்கும், அறை பங்கிடுவதற்கும், குளியலறைக்கு யார் முதலில் என்ற சண்டைக்கும் கொடுத்திருந்தால் படம் வேறு உயரத்தில் நின்றிருக்கும். போர்ட்டிக்சன் கடற்கரையில் ஒரு ஹோம்ஸ்டே எடுத்து இரண்டு குடும்பம் தங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சச்சரவு அங்கேதான் ஆரம்பிக்கும்.

பிள்ளைகளின் நடிப்பில் ரோஸாக வரும் டெடி மாலசன் ஆலனும் ஸ்மாஷாக வரும் ஆஷ்லி ஆஃப்டர்ஹைடும் கதையைத் தாங்குகிறார்கள். ஒருத்தி உள்ளே புழுங்குகிறவள், மற்றவள் வெளியே வெடிக்கிறவள். பெற்றோர் பிரிந்த வீட்டில் இந்த இரண்டு வகைப் பிள்ளையும் உண்டு. வெடிக்கிறவளைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள், புழுங்குகிறவளை ‘சமத்து’ என்று சொல்லி விட்டுவிடுவார்கள். ரோஸைப் பார்க்கும்போது பெரியவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

மறுமணம் நடந்த, அல்லது நடக்கப்போகிற வீட்டில் இந்தப் படத்தைப் போடுகிறவர்களுக்குச் சில கவனங்கள்.

புதியவரை அறிமுகப்படுத்தும் முதல் சந்திப்பாக இந்தப் படத்தை வைக்காதீர்கள். டேவிட்டும் ஆலிஸும் செய்த பிழையே அதுதான்: உல்லாசப் பயணம் என்று கூட்டிப்போய் அங்கே வைத்து உடைத்தது. பிள்ளைக்குப் பெற்றவர் முன்கூட்டியே, தன் வீட்டில், தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லிச் சில வாரம் போன பிறகு, இரண்டு பக்கப் பிள்ளைகளும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரிந்த பிறகு, இந்தப் படம் உதவும். அதற்கு முன்னால் போட்டால் படத்தைக் காட்டி நமக்கு எதையோ சொல்ல வருகிறார்கள் என்று மூத்த பிள்ளை உடனே பிடித்துவிடும். அப்புறம் முழு நேரமும் கைப்பேசியில்தான் கண் இருக்கும்.

அம்மாவோ அப்பாவோ இறந்துபோன வீட்டில் இன்னும் கவனம் தேவை. படத்துப் பிள்ளைகளின் பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்கள். வரம் கேட்டால் போனவரும் வருவாரா என்று ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை கேட்கக்கூடும். பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை பொருத்தம். அதற்குக் கீழே உள்ளவர்கள் மணல் உயிரியை ரசிப்பார்கள், குடும்பக் கதை தலைக்கு மேலே போய்விடும். பிரிட்டிஷ் உச்சரிப்பும் அமெரிக்க உச்சரிப்பும் கலந்து வேகமாகப் பேசுவதால், தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு படிக்கிறவர்களுக்கு திரைக்கடியில் ஓடும் வசன வரி இல்லாமல் பாதி வசனம் தப்பிவிடும். ஆங்கில வரியே போதும். வாசிப்புப் பயிற்சியும் ஆயிற்று. முடிந்ததும் ‘நீ ஸ்மாஷ் மாதிரி, அவள் ரோஸ் மாதிரி’ என்று யாரும் ஒப்பிட்டுப் பேச வேண்டாம். அந்த ஒரு வாக்கியம் இரண்டு மாதம் வீட்டில் நிற்கும்.

படத்தில் இல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம், பெரியவர்கள் அடிக்கடி கேட்பது இது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம், திருமணத்தின் பிள்ளை என்று சொல்லும்போது இருவருக்கும் பிறந்த பிள்ளையோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஒருவருடைய பிள்ளையை மற்றவர் குடும்பத்தில் ஒருவராக ஏற்றுக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்கிறது. ‘ஏற்றுக்கொண்டால்’ என்ற சொல்லை வைத்துத்தான் சட்டமும் பேசுகிறது.

பார்க்கும் நேரத்தைச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வைத்துக்கொண்டால் கச்சிதமாக அமையும். மைலோவும் வறுத்த நிலக்கடலையும் முன்னாலேயே வைத்துவிட்டால் நடுவில் நிறுத்த வேண்டாம். ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படம் முடியும். அடுக்குமாடியின் தாழ்வாரத்தில் நின்றால் வெளிச்சம் இறங்குவதைப் பார்க்கலாம், விளக்கேற்றும் நேரமும் அதுதான். இந்தப் பொழுதோடு போய்விடுகிற ஆசையாக இருந்தால் இன்று காலையில் என்ன கேட்டிருப்பாய் என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டுப் பாருங்கள். பெரியவர்களும் பதில் சொல்ல வேண்டும், அதுதான் நியாயம்.

படம் பிடித்துவிட்டால் நெஸ்பிட்டின் நாவலைத் தேடிப் போங்கள். அவர் 1924-இல் காலமானதால் பதிப்புரிமை முடிந்து, குட்டன்பெர்க் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலம் பழையது, பெரியவர் ஒருவர் வாசித்துக்கொண்டே தமிழில் சொல்லிப் போனால் பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள். அதில் பிள்ளைகள் கேட்கும் முதல் ஆசை அழகு. கிடைத்த அழகில் அவர்களின் கைக்குழந்தைத் தம்பிக்கே அக்கா அண்ணன்களை அடையாளம் தெரியாமல் அழுகிறான். வீட்டுப் பணிப்பெண் ‘நீங்கள் யார்’ என்று கதவைச் சாத்திவிடுகிறாள். மதியச் சாப்பாடு இல்லை. பசியோடு வெளியே உட்கார்ந்து, எப்போது பொழுது சாயும், எப்போது பழைய முகம் திரும்பும், எப்போது உள்ளே விடுவார்கள் என்று காத்திருக்கிறார்கள்.