ஜெராக்ஸ் கடை பயோடேட்டா, கேன்வா, ஓவர்லீஃப், வேர்டு: ரெஸ்யூமேவை எதில் செய்வது?

டிப்ளமோவோ பி.இ.யோ முடித்து முதல் வேலை தேடுபவருக்கு ரெஸ்யூமே தயாரிக்க நான்கு வழிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் சொல்லி அடித்து வாங்கலாம். மொபைலிலேயே கேன்வாவில் ஒரு டெம்ப்ளேட் எடுக்கலாம். ஓவர்லீஃப் என்ற இணையதளத்தில் சீனியர் செய்து அனுப்பிய கோப்பைத் திருத்தலாம். வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ தானே டைப் செய்யலாம். பெரும்பாலானோர் எது அழகாக இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்தக் கோப்பை முதன்முதலில் திறக்கப்போவது யார்? ஃபாக்டரி கேட்டில் பேப்பரை வாங்கும் டைம் ஆபீஸ் ஆளா, வாட்ஸ்அப்பில் பார்க்கும் கன்சல்டன்சிக்காரரா, எழுத்தை உருவியெடுத்துக் கட்டங்களில் நிரப்பும் மென்பொருளா? இதற்குப் பதில் தெரிந்தால் நான்கில் எது சரி என்பது தானாக விளங்கிவிடும்.

(டி.என்.பி.எஸ்.சி., ஆசிரியர் தேர்வு வாரியம் போன்றவற்றுக்கு இந்தப் பேச்சே இல்லை. அங்கே அவர்களுடைய விண்ணப்பப் படிவம்தான் எல்லாம். இங்கே சொல்வது தனியார் வேலைகளுக்கு.)

நோட்பேடு சோதனை

நான்கையும் ஒரே தராசில் நிறுக்க ஒரு வழி இருக்கிறது. பி.டி.எஃப்.ஐத் திறந்து கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-சி அழுத்துங்கள். நோட்பேடில் ஒட்டுங்கள். பெயர், போன் நம்பர், படிப்பு, அனுபவம் எல்லாம் மேலிருந்து கீழாக வரிசையாக வந்தால் கோப்பு நல்லது. ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் அது எழுத்து அல்ல, படம். வரிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தால் மென்பொருளுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும்.

காரணம், பி.டி.எஃப். கோப்புக்குப் 'பத்தி' என்ற ஒன்று தெரியவேண்டிய அவசியமில்லை. இந்த எழுத்து இந்த இடத்தில் என்ற கணக்கைத்தான் அது வைத்திருக்கிறது. படிக்கும் வரிசையைத் திறக்கும் மென்பொருள்தான் ஊகிக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் வைத்திருக்கும் ஏ.டி.எஸ். என்கிற விண்ணப்ப மேலாண்மை மென்பொருள் இப்படி ஊகித்த எழுத்தில் கல்வி, அனுபவம், திறன்கள் என்ற தலைப்புகளைத் தேடி உங்கள் விவரத்தைக் கட்டங்களில் போடுகிறது. அந்த மென்பொருளே பாதிப் பேரைக் கழித்துக்கட்டிவிடுகிறது என்று பயமுறுத்துகிறார்கள். பெரும்பாலும் நடப்பது அதைவிடச் சாதாரணமானது: எச்.ஆர். 'சி.என்.சி.' என்றோ 'டேலி' என்றோ தேடும்போது உங்கள் பெயர் பட்டியலில் வருவதில்லை. நௌக்ரி போன்ற தளங்களிலும் இதே நிலைதான்.

பிரவுசிங் சென்டர் பயோடேட்டா

கம்ப்யூட்டர் இல்லாதவருக்கு இது இன்னும் நிஜமான வழி. அரை மணி நேரத்தில் பேப்பர் கையில் வந்துவிடும். தொழிற்பேட்டையில் கேட் கேட்டாகப் போய்க் கொடுப்பதற்கு அதுவே போதும்.

சிக்கல் கடையின் பழைய கோப்பில் இருக்கிறது. போன வாடிக்கையாளரின் கோப்பைத் திறந்து பெயரை மாற்றித்தான் பல இடங்களில் அடித்துக் கொடுக்கிறார்கள். கடைசியில் வரும் உறுதிமொழிக்குக் கீழே வேறு ஒருவர் பெயர் அப்படியே நிற்கும், அல்லது ஊர் வேறாக இருக்கும். மேலே எவ்வளவு கவனமாக எழுதியிருந்தாலும் அந்த ஒரு வரி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பிரின்ட் எடுக்கும் முன் கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கிப் படித்துப் பாருங்கள். பழக்கமான வரிசை கலைவதால் கண் தவறைப் பிடிக்கும்.

இன்னொன்று, கேட்காவிட்டால் கோப்பு கடையிலேயே தங்கிவிடும். அடுத்த மாதம் போன் நம்பர் மாறினால் மறுபடி காசு. வேர்டு கோப்பு, பி.டி.எஃப். இரண்டையும் உங்கள் மெயிலுக்கு அனுப்பச் சொல்லி, கடையை விட்டு வெளியே வரும் முன் திறந்து பாருங்கள். அடித்த பேப்பரை மொபைலில் ஸ்கேன் செய்து அனுப்புவது மட்டும் வேண்டாம். அது படம், தேடலில் சிக்காது.

தமிழில் ரெஸ்யூமே கேட்கும் இடங்களும் உண்டு. அப்போது யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். பி.டி.எஃப். ஆக்கினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் தேடினால் ஒரு சொல்கூடக் கிடைக்காது.

பயோடேட்டாவின் பழைய பகுதிகளில் அப்பா பெயர், மதம், திருமண நிலை, பொழுதுபோக்கு ஆகியவற்றை எடுத்துவிடலாம். உள்ளூர்க் கம்பெனி ஏதாவது கேட்டால் அவர்களுடைய படிவத்தில் எழுதுவீர்கள். ஆதார் எண் எந்த ரெஸ்யூமேவிலும் வேண்டாம். அது எத்தனை கைகளுக்குப் போகும் என்று உங்களால் சொல்ல முடியாது. வளைகுடா வேலை விதிவிலக்கு: அங்கே ஏஜென்ட்டுகள் புகைப்படம், குடியுரிமை, விசா நிலை எல்லாம் எதிர்பார்ப்பார்கள். அங்கும் பாஸ்போர்ட் எண்ணைப் போடாமல், 'பாஸ்போர்ட் உண்டு, 2031 வரை செல்லும்' என்ற அளவில் எழுதினால் முதல் கட்டத்துக்குப் போதும்.

கேன்வா

கிராஃபிக் டிசைன், சோஷியல் மீடியா, வீடியோ எடிட்டிங் வேலைகளுக்கு கேன்வாவில் ரெஸ்யூமே செய்வதில் நியாயம் உண்டு. பார்ப்பவர் மனிதர், பார்க்க விரும்புவதும் உங்கள் வடிவமைப்பு ரசனையைத்தான். அக்கவுன்ட்ஸ், மெக்கானிக்கல், சாஃப்ட்வேர், நர்சிங் வேலைகளுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

முதல் குறை இரண்டு பத்தி (நெடுவரிசை) அமைப்பு. இடது ஓரத்தில் திறன்கள், வலப்பக்கம் அனுபவம் என்று பிரித்த டெம்ப்ளேட்டை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். சிலவற்றில் 'எக்செல்' என்ற சொல்லும் 'ஜூன் 2023' என்ற தேதியும் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு வரும். அடுத்தது படக்குறிகள். போன் படம் போட்டு நம்பர், கடித உறை படம் போட்டு மெயில் என்றால் மென்பொருளுக்கு அந்தப் படம் தெரியாது. 'மொபைல்' என்று சொல்லாகவே எழுதுங்கள். திறன் பட்டைகள் இன்னும் மோசம். 'பைத்தான்' என்று எழுதிப் பக்கத்தில் ஐந்தில் நான்கு வட்டம் நிரப்பினால் யார் அளந்து நான்கு என்றார்கள்? அந்த இடத்தில் பைத்தானில் செய்த ஒரு வேலையை எழுதியிருக்கலாம்.

பலர் எதிர்பார்க்காத குறை ஒன்று அச்சில் வெளிப்படும். கருநீல ஓரப்பட்டையில் வெள்ளை எழுத்து திரையில் பளிச்சென்று இருக்கும். இன்டர்வியூ நடத்துபவர் கையில் இருப்பதோ ஆபீஸ் பிரின்டரில் எடுத்த கறுப்பு வெள்ளைத் தாள், சில சமயம் அதன் ஜெராக்ஸ். அந்தப் பட்டை கரிப்பிடித்த சட்டி போல வந்து உங்கள் போன் நம்பரை விழுங்கியிருக்கும்.

கேன்வாதான் என்று முடிவு செய்தால் ஒற்றைப் பத்தி டெம்ப்ளேட்டை எடுங்கள். பி.என்.ஜி. ஆக இறக்கிப் பிறகு பி.டி.எஃப். ஆக மாற்ற வேண்டாம்; நேரடியாகப் பி.டி.எஃப். ஆக இறக்குங்கள். இறக்கும்போது வரும் 'ஃபிளாட்டன்' கட்டத்தை டிக் செய்யாதீர்கள். டிக் செய்தால் எழுத்தெல்லாம் படமாகிவிடும்.

ஓவர்லீஃப்

கட்டளைகளை எழுதிப் பக்கம் அமைக்கும் லாடெக் என்ற மென்பொருளை பிரவுசரிலேயே பயன்படுத்த உதவும் தளம் இது. இன்ஜினியரிங் கல்லூரிகளில் இதற்கு ஒரு மவுசு இருக்கிறது. லாடெக் வரிசைப்படுத்தும் பக்கம் அழகுதான், ஒற்றைப் பத்தி டெம்ப்ளேட்டுகள் ஒழுங்காகவும் இருக்கும். ஆராய்ச்சிப் படிப்பு, கணிதம், சாஃப்ட்வேர் துறைக்கு நல்ல தேர்வு. இரண்டு பொறிகளைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

லாடெக்கில் சதவீதக் குறி என்றால் 'இதற்குப் பிறகு வருவது குறிப்பு, அச்சிடாதே' என்று பொருள். 'ஸ்கிராப்பை 18% குறைத்தது, 3 மாதத்தில்' என்று எழுதினால் 18 என்பதோடு அந்த வரி நின்றுபோகும். அடைப்புக்குறிக்குள் இருந்தால் பிழை காட்டும். இல்லாவிட்டால் சத்தமே இல்லாமல் மீதி காணாமல் போகும். குறிக்கு முன்னால் பின்சாய்வுக் கோடு (\) போட வேண்டும். ஆம்பர்சண்டுக்கும் (&) ஹேஷ் குறிக்கும்கூட (#) அப்படித்தான். சி-ஷார்ப் தெரிந்தவர்கள் கவனிக்க.

இரண்டாவது, ஒட்டெழுத்து. ஆங்கிலத்தில் எஃப், ஐ இரண்டும் அடுத்தடுத்து வந்தால் லாடெக் அவற்றை ஒரே வடிவமாக ஒட்டிவிடும். சில பி.டி.எஃப்.களில் காப்பி செய்யும்போதும் அது தனி ஒரு குறியாகவே வரும், அல்லது விடுபடும். 'சர்டிஃபைடு' என்று எச்.ஆர். தேடினால் உங்கள் சான்றிதழ் கிடைக்காது. டெம்ப்ளேட்டின் முகப்பில் கிளிஃப்-டு-யூனிகோட் (glyphtounicode) கோப்பைச் சேர்க்கும் வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. எப்படியும் நோட்பேடு சோதனை செய்யாமல் அனுப்ப வேண்டாம்.

வேர்டு, கூகுள் டாக்ஸ்

பத்தில் எட்டுப் பேருக்கு இதுவே போதும் என்பது எங்கள் தீர்ப்பு. மூன்றாண்டு கழித்து எந்தக் கம்ப்யூட்டரிலும் திறந்து திருத்தலாம், கன்சல்டன்சி வேர்டு கோப்பு கேட்டாலும் கையில் இருக்கும்.

தாள் அளவு ஏ4. சில கம்ப்யூட்டர்களில் அமெரிக்க லெட்டர் அளவு இருக்கும், மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் 2 செ.மீ. ஓரம். உள்ளடக்க எழுத்து 11, தலைப்பு 13 போல்டு, உங்கள் பெயர் 16 அல்லது 18. காலிப்ரி, ஏரியல் போல எங்கும் இருக்கும் எழுத்துரு ஒன்றே ஒன்று.

தேதியை வலது ஓரத்துக்குக் கொண்டுபோக ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போவதுதான் மிகப் பரவலான தவறு. எழுத்துரு மாறியதும் தேதிகள் படிக்கட்டு போல இறங்கி நிற்கும். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ.; இரண்டு ஓரமும் போக 17. ரூலரில் 17 செ.மீ. இடத்தில் வலது டேப் ஒன்று வைத்து டேப் விசையை ஒருமுறை அழுத்துங்கள், தேதி போய் ஒட்டிக்கொள்ளும். போன் நம்பரை ஹெடர் பகுதியில் வைக்காதீர்கள். சில மென்பொருள்கள் ஹெடரைப் படிப்பதே இல்லை. டெக்ஸ்ட் பாக்ஸும் வேண்டாம்.

பி.டி.எஃப். ஆக்க 'சேவ் ஆஸ்' வழியே போங்கள். 'பிரின்ட் டு பி.டி.எஃப்.' வழியில் போனால் கிட்ஹப், லிங்க்ட்இன் இணைப்புகள் செத்துவிடும். இன்னொருவர் கோப்பைத் திருத்தியிருந்தால் ஃபைல் மெனுவில் இன்ஃபோ பக்கத்தைத் திறந்து ஆத்தர் பெயரையும் பாருங்கள். அங்கே சீனியர் பெயர் இருந்தால் மாற்றுங்கள்.

உள்ளே எழுதுவது: பொறுப்பா, வேலையா?

கருவி எதுவானாலும் கோப்பு திறந்தபின் பேசுவது வரிகள்தான். கோவை பம்ப் கம்பெனி ஒன்றில் ஆறு மாதம் அப்ரன்டிஸ் இருந்த டிப்ளமோக்காரரை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக எழுதுவது: 'தர ஆய்வுக்குப் பொறுப்பு வகித்தேன்'. அவர் உண்மையில் செய்தது: 'பம்ப் ஹவுசிங் போர் 42 எச்7, போர் கேஜில் ஷிஃப்டுக்கு 120 பீஸ் அளந்து பதிவு, ஓவர்சைஸ் வந்த லாட்டைத் தனியே நிறுத்தி, டூல் ஆஃப்செட் திருத்தத்துக்கு ஆபரேட்டரிடம் தெரிவித்தது'. (ரெஸ்யூமேவில் ஆங்கிலத்தில் எழுதுவீர்கள். போர் என்றால் துளை; எச்7 என்பது அதன் டாலரன்ஸ் வகுப்பு, அதாவது அளவு எவ்வளவு விலகலாம் என்பது.) இரண்டாவது வரியில் பாகம், அளவு, கருவி, எண்ணிக்கை, முடிவு எல்லாம் இருக்கின்றன. தேடலிலும் விழும், இன்டர்வியூவில் பேச்சையும் அங்கேயே இழுக்கும். 'எச்7 என்றால் டாலரன்ஸ் எவ்வளவு?' என்று கேட்பார்கள். 42 மி.மீ. போருக்குக் கீழே பூஜ்ஜியம், மேலே 25 மைக்ரான் என்று சொல்லத் தெரிய வேண்டும். சொல்லத் தெரியாத எண்ணை எழுதவே கூடாது. ஏ.ஐ. எழுதித் தரும் ரெஸ்யூமேக்களில் இருக்கும் அபாயமும் இதுதான்: நீங்கள் சொல்லாத சதவீதத்தையெல்லாம் அது வரியில் செருகிவிடும்.

'சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள' என்று தொடங்கும் அப்ஜெக்டிவ் பத்தி யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. அந்த இடத்தில் இரண்டு வரி: என்ன படிப்பு, எந்த மெஷின் அல்லது மென்பொருள், எந்த வேலைக்கு, எப்போது சேரலாம்.

காலவரிசையா, திறன்வரிசையா?

கடைசி வேலை மேலே, பழையது கீழே என்பது காலவரிசை. திறன்களைத் தலைப்பாக வைத்து, எங்கே எப்போது என்பதைக் கடைசியில் தள்ளுவது திறன்வரிசை. இடைவெளி இருப்பவர்களுக்கு இரண்டாவதைப் பலர் சொல்லித்தருகிறார்கள். எச்.ஆர். பக்கத்தில் அது எதையோ மறைக்கிறது என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பும். குழந்தை வளர்ப்புக்காக நான்கு வருடம் நின்ற அக்கவுன்டன்ட் ஒருவருக்குச் சரியான வழி: மேலே திறன் சுருக்கம் மூன்று வரி, அதன்கீழ் காலவரிசை, அதில் '2020–2024: குடும்பப் பொறுப்பு, 2024-இல் டேலி பிரைம், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் பயிற்சி' என்று வெளிப்படையாக ஒரு வரி. ஃப்ரெஷருக்கு இந்த விவாதமே வேண்டாம். படிப்பு, புராஜெக்ட், பயிற்சி என்ற வரிசையில் ஒரே பக்கம்.

அனுப்பும்போது கோப்பின் பெயரையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் திறக்கும் முன்பே கண்ணில் படுவது அந்தப் பெயர்தான். 'நியூ ரெஸ்யூமே ஃபைனல் 2' என்ற பெயரில் வந்த நாற்பது கோப்புகளுக்கு நடுவே கன்சல்டன்சிக்காரர் உங்களுடையதை எப்படித் தேடுவார்? உங்கள் பெயர், வேலை, அனுபவ ஆண்டு என்று மூன்றையும் ஆங்கிலத்தில் வைத்து, முதலில் ஒரு நண்பரின் போனுக்கு அனுப்புங்கள். அவர் திறந்து, அதிலிருக்கும் நம்பரைத் தொட்டு உங்களுக்கே ஒரு கால் போடட்டும்.