துள்ளி நிற்கும் எழுத்து: ‘மவுண்டன்ஸ் ஆஃப் கிறிஸ்மஸ்’ எழுத்துரு

ஏற்காட்டில் காப்பித்தூளும் மிளகும் விற்கும் மாமாவின் கடைக்குப் பெயர்ப்பலகையும் பொட்டல ஒட்டுத்தாளும் வடிவமைக்க வேண்டியிருந்தது. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில், 1820களிலேயே சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்துவிட்டதால், ஆங்கிலப் பெயர் பழைய எஸ்டேட் பத்திரத்தைப் போல விறைப்பாக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். நான் அதற்கு நேர்மாறாக ‘மவுண்டன்ஸ் ஆஃப் கிறிஸ்மஸ்’ என்னும் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தேன். டார்ட் ஒர்க்‌ஷாப் என்னும் எழுத்துரு நிறுவனம் வடிவமைத்த இது, கூகுள் எழுத்துருத் தொகுப்பில் சாதாரணம், தடிமன் என இரண்டே வகைகளில் கிடைக்கிறது. அப்பாச்சி உரிமத்தில் வெளியானதால் வணிகத்துக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

எழுத்துக் கோடுகளின் முனையில் அமையும் சிறு கட்டையே செரிஃப். நாளிதழ் எழுத்துகளில் அது மட்டம் பிசகாமல் நிற்கும். இங்கோ கட்டைகள் சாய்ந்தும், எழுத்துகளில் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும், ஆண்டுவிழா மேடையில் வரிசையாக நிறுத்தப்பட்ட மழலைகளைப் போல ஒழுங்குக்கு அடங்காமல் காட்சி தருகின்றன. அந்தக் குறும்புதான் இதன் அழகு. ஆனால் கையால் வரைந்தது போன்ற இத்தோற்றம், ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும்போது கலைந்துவிடுகிறது. காப்பிக்கான ஆங்கிலச் சொல்லில் இரண்டு எஃப்களும் இரண்டு ஈக்களும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி சாய்ந்து நிற்பதைக் கண்டு, இரண்டாவதை நானே சற்றுத் திருப்பி வைக்க வேண்டியதாயிற்று.

20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருபவர் பனிமூட்டத்தில், ஓடும் வண்டியிலிருந்து பலகையைப் பார்ப்பார் என்பதால், மெல்லிய சாதாரண வகை அங்கே பயன்படாது. தடிமன் வகையே வேண்டும். பெயர், வாழ்த்து போன்ற நான்கைந்து சொற்களுக்கு மேல் இதில் எழுதினால் கண் சோர்வடையும். பொட்டலத்தின் பின்புறம் எடை, விலை, பொதியிட்ட நாள் ஆகியவற்றுக்கு எளிய எழுத்தையே வைத்தேன். சிவப்பும் பச்சையும் சேர்த்தால் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டை ஆகிவிடும். காப்பிப் பழுப்பில் மே மாதக் கோடை விழாவுக்கும் பொருந்துகிறது.

இந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. தட்டச்சு செய்தால் கணினி வேறொன்றைச் சத்தமில்லாமல் நுழைத்துவிடும். தமிழுக்கு இதே கட்டைகளைச் சூட்டிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். ‘ர’ என்ற எழுத்தையும் துணைக்காலையும் பிரித்துக் காட்டுவது அடியில் உள்ள சிறு கோடுதான். காலின் அடியில் அலங்காரக் கட்டை ஒன்றை வைத்தால், ‘காப்பி’ என்பது ‘கரப்பி’யாகிவிடும். ஆகவே முனைகள் மழுங்கி, மென்மையாக வளையும் ‘அரிமா மதுரை’ எழுத்துருவைத் தமிழ்ப் பெயருக்கு இணைத்தேன். அது துள்ளுவதில்லை, ஆயினும் பக்கத்தில் நிற்கும் துள்ளலை முறைப்பதுமில்லை.

அச்சிடும்போது ஒரு கவனம் வேண்டும். சேலத்தில் ஓர் அச்சகத்தில் கணினிக் கோப்பை அப்படியே கொடுத்ததால், அங்குள்ள கணினியில் இந்த எழுத்துரு இல்லாமல், முதல் பிளக்ஸ் சாதாரண எழுத்தில் வந்து வீணாயிற்று. மறுமுறை எழுத்துகளை ‘கர்வ்’ எனப்படும் வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றிக் கொடுத்த பிறகே பலகை சரியாக வந்தது. மாமா இப்போது ரசீதுப் புத்தகத்தையும் இதே எழுத்தில் கேட்கிறார், மறுத்துவிட்டேன்.