"மேட்ச்சிங் டை"ன்னு போட்டு ஸ்டாம்ப் செட் விக்கிறாங்களா, காச கட்டுறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

ஆறாயிரத்து முந்நூறு. இப்பதான் "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது"ன்னு மெயில் வந்துச்சு, அந்த சூட்டோட எழுதுறேன், தப்புத்தப்பா இருந்தா பொறுத்துக்கோங்க. கடை பேரு போடல. கைவினை சாமான் விக்கிற ஆன்லைன் தளம் ஒண்ணு, அதுல பூ ஸ்டாம்ப்பும் (மை தொட்டு பேப்பர்ல படம் பதிக்கிறது) அதுக்கு டையும் (அந்தப் படத்த வெட்டி எடுக்குற அச்சு) சேத்து செட்டா விக்கிற ஒரு கடை, இதுக்கு மேல சொன்னா பதிவ தூக்கிடுவாங்க. எத பாத்து வாங்கணும்னு கடைசில டிப்ஸ் போடுறேன்.

வாழ்த்து கார்டு கையால செய்யாதவங்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டாம்ப் அடிச்சு கலர் பண்ணின பூவ கத்தரிக்கோலால வெட்டுறது பெரிய பாடு, தண்டு, இலை நுனி, சுருள் கொடி எல்லாம் கை கொஞ்சம் ஆடினாலும் போச்சு. அதுக்குதான் டை. படத்தோட அவுட்லைன்லயே செஞ்ச மெல்லிசு ஸ்டீல் அச்சு, ஒரு பக்கம் விளிம்பு கூரா இருக்கும், அந்தப் பக்கம் பேப்பர பாத்து இருக்கணும். ரெண்டு கட்டிங் பிளேட்டுக்கு நடுவுல டையும் பேப்பரும் வச்சு, உருளைக்கு நடுவுல அழுத்தித் தள்ளுற மெஷின்ல விட்டு சுத்தினா வெட்டி வந்துரும். நல்ல செட்டுன்னா படத்த சுத்தி ஒண்ணர, ரெண்டு மில்லிமீட்டர் வெள்ளை பார்டர் ஒரே அளவா நிக்கும். அந்த பார்டருக்குதான் நாம காசு குடுக்குறோம், வேற எதுக்கு.

நான் நம்பினது அவங்க வீடியோவ பாத்து. ரோஜாவ ஸ்டாம்ப் அடிக்கிறாங்க, டைய மேல வைக்கிறாங்க, டேப் ஒட்டுறாங்க, மெஷின்ல விட்டு எடுக்குறாங்க, பார்டர் அப்படியே நூல் பிடிச்ச மாதிரி வருது. இருந்தாலும் சாட்ல கேட்டேன், "எல்லா ஸ்டாம்ப்புக்கும் டை கரெக்டா மேட்ச் ஆகுமா, ஸ்டாம்ப் போட்டோபாலிமர் தானா"ன்னு. போட்டோபாலிமர்ங்கிறது மை நல்லா பிடிக்கிற ஒரு வகை பிளாஸ்டிக். உடனே வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. "சிஸ், நானே ஒவ்வொண்ணா செக் பண்ணிதான் பேக் பண்றேன், கண்ண மூடிட்டு வாங்குங்க, கூடவே டை கட் டெக்னிக் வீடியோ கிளாஸ் ஃப்ரீயா தர்றேன்." அவ்ளோ அன்பா ஒரு குரல். அந்த "நானே"ங்கிற வார்த்தைலதான் ஆறாயிரத்து முந்நூறு போச்சு.

பார்சல் வந்துச்சு. பெரிய ரோஜாவ அடிச்சு டைய மேல வச்சேன். இடது பக்கம் பார்டர் மூணு மில்லிமீட்டருக்கு அகலமா கிடக்கு, வலது பக்கம் இலை நுனி டைக்கு வெளில நீட்டிட்டு நிக்குது. வலது பக்கம் நகத்தினா மேல இருக்குற மொட்டு வெட்டுப்படுது. மொட்டுக்கு சரி பண்ணினா தண்டு காலி. ஸ்கேல் வச்சு அளந்தேன். படம் மேலருந்து கீழ 68 மில்லிமீட்டர், டையோட உள்பக்கம் 66. படத்த விட டை சின்னது! இத எப்படி வச்சாலும் எப்படி பொருந்தும்? யாரோ ஒருத்தரோட டிசைன காப்பி அடிச்சு ஸ்டாம்ப்ப ஒரு இடத்துலயும் டைய இன்னொரு இடத்துலயும் செஞ்சிருக்காங்கன்னுதான் எனக்கு தோணுது.

ஸ்டாம்ப்பும் போட்டோபாலிமர் இல்ல. வழவழன்னு சிலிக்கான் மாதிரி, மை அதுல பரவாம பனித்துளி மாதிரி திரண்டு திரண்டு நிக்குது. புது ஸ்டாம்ப்னா அப்படி இருக்கும்னு பென்சில் ரப்பரால லேசா தேச்சு பாத்தாச்சு. திரும்பவும் அதே திட்டுத்திட்டு.

இனிமேதான் கூத்து. போட்டோ எடுத்து அனுப்பினேன். அதே அன்பான ஆளு. "மெஷின்ல பிரஷர் பத்தல சிஸ், ஷிம் வைங்க." ஷிம்ங்கிறது பிளேட்டுக்கு நடுவுல கூடுதலா ஒண்ணு ரெண்டு பேப்பர் வச்சு அழுத்தத்த ஏத்துறது, பேப்பர் முழுசா வெட்டுப்படலன்னா அது சரி. எனக்கு நல்லாவே வெட்டுது, தப்பான இடத்துல வெட்டுது! பிரஷர் ஏத்தினா இடம் மாறுமா என்ன, பிளேட்டுதான் விரிசல் விடும்.

அடுத்தது "டேப் ஒட்டினீங்களா, டை நகந்திருக்கும்." ஒட்டினேன்மா. பேப்பர கிழிக்காத லோ டேக் டேப், எதிரெதிர் பக்கமா ரெண்டு துண்டு, போதாததுக்கு அடில மேக்னட் ஷீட். நகரவே இல்ல.

அப்புறம் "உங்க பேப்பர் தடிமனா இருக்கும்." 220 ஜிஎஸ்எம் (பேப்பர் கனத்தோட அளவு) கார்ட்ஸ்டாக், கார்டு செய்ற பாதி பேரு அததான் வச்சிருக்காங்க.

அதுக்கப்புறம் சொன்னதுதான் உச்சம். "மொதல்ல டையால வெட்டுங்க, அப்புறம் ஸ்டாம்ப் அடிங்க, எல்லா ப்ரொஃபஷனலும் அப்படித்தான்." அந்த முறை எனக்கும் தெரியும். வெத்துப் பேப்பர டையால வெட்டி, ஓட்டை விழுந்த பேப்பர ஸ்டாம்ப் பொசிஷனர்ல (ஸ்டாம்ப்ப ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல அடிக்க உதவுற கருவி) ஃபிக்ஸ் பண்ணி, வெட்டின துண்ட திரும்ப அந்த ஓட்டைக்குள்ளயே உக்கார வச்சு ஸ்டாம்ப் அடிக்கிறது. ஒரே பூ நிறைய வேணும்னா அருமையான வழி, ஒரு தடவ செட் பண்ணிட்டா துண்ட மட்டும் மாத்தி மாத்தி வச்சு அடிச்சிட்டே போலாம். ஆனா துண்டு படத்த விட சின்னதா இருந்தா இலை நுனி துண்டு மேல விழாது, ஓட்டைய சுத்தி இருக்குற பேப்பர் மேலதான் விழும். இதயும் அடிச்சு போட்டோ அனுப்பினேன். பாத்ததுக்கு ப்ளூ டிக் விழுந்துச்சு. பதில் இல்ல.

தளத்துல புகார் போட்டா "பார்சல் பிரிக்கும் வீடியோ இணைக்கவும்"ங்குறாங்க. பார்சல் உடைஞ்சு வரல, பொருள் காணாம போகல, டை சின்னதா இருக்கு, அதுக்கும் பிரிக்கிற வீடியோவுக்கும் என்ன சம்பந்தம்? ஸ்கேல் வச்ச போட்டோவ அனுப்பினேன். "கைவினைப் பொருட்களில் சிறு வேறுபாடுகள் இயல்பு"ன்னு பதில். ஃபேக்டரில செஞ்ச ஸ்டீல் டை எப்படிங்க கைவினைப் பொருள் ஆச்சு? அப்புறம் அந்த மெயில், முடித்து வைக்கப்பட்டதாம். ஆறாயிரத்து முந்நூறு யாரு முடிச்சு வைப்பா?

ஃப்ரீ கிளாஸ் பத்தி சொல்லணுமே. "ஏழு டெக்னிக்"னு போட்டிருந்துச்சு, உள்ள போனா பாட்டு போட்டு ஓடுற ஸ்லைடு, பொருள் வாங்கச் சொல்லி லிங்க். பார்ஷியல் டை கட்டுக்காக ஆசையா காத்திருந்தேன். அது ஒண்ணுமில்ல, டையோட கீழ்ப்பகுதிய மேல் பிளேட்டுக்கு வெளில விட்டுட்டு சுத்தினா அங்க மட்டும் வெட்டாது, பூவோட மேல்பாதி கார்டு விளிம்புக்கு மேல எந்திரிச்சு நிக்கும். ரெண்டு வரில சொல்லிட்டேன், அவங்க ஒரு ஸ்லைடு பூரா பேரு மட்டும் போட்டு வச்சிருந்தாங்க.

டிப்ஸ் விரிவா எழுத பொறுமை இல்ல, அவசரத்துக்கு இத வச்சுக்கோங்க. வாங்குறதுக்கு முன்னாடி படத்தோட அளவையும் டையோட உள் அளவையும் மில்லிமீட்டர்ல எழுதிக் கேளுங்க, வாய்ஸ் மெசேஜ் வேணாம், டைப் பண்ணச் சொல்லுங்க. கடைக்காரங்க வீடியோவ நம்பாதீங்க, வாங்கினவங்க போட்ட போட்டோ இருக்கான்னு பாருங்க. வந்ததும் நல்ல பேப்பர்ல வேணாம், ரஃப் பேப்பர்ல எல்லா டையும் வெட்டி அந்த ஓட்டைய ஸ்டாம்ப் அடிச்ச படத்து மேல ஜன்னல் மாதிரி வச்சு பாருங்க, பொருந்தலன்னா ஓட்டை வழியாவே தெரிஞ்சிரும். ரிட்டர்ன் தேதி முடியுறதுக்குள்ள பண்ணிடுங்க. பிரிக்கிறப்போ வீடியோவும் எடுத்துத் தொலைங்க.

அந்த லிஸ்டிங் இப்பவும் ஓடிட்டுதான் இருக்கு, அதே ரோஜா, அதே வீடியோ. நான் காச திரும்பக் கேட்டு பேங்க்ல டிஸ்ப்யூட் போடப் போறேன், அதுக்கு சாட் முழுக்க ஸ்க்ரீன்ஷாட் எடுக்கணுமாம். இதே மாதிரி செட் வாங்கி மாட்டினவங்க ஸ்கேல் வச்சு அளந்து கீழ அளவு போடுங்க, சேத்து அனுப்புறேன்.