வீட்டு ஹைட்ரோபோனிக்ஸில் சொட்டுநீர்: மறுசுழற்சியா, வடித்துவிடுவதா?

மண்ணில்லாத் தோட்டத்துக்குச் சொட்டுநீர்தான் என்று தீர்மானித்தவர் குழாய் வாங்கும் முன்பே இன்னொன்றையும் தீர்மானித்தாக வேண்டும். வளர்ப்புப் பைகளின் அடியில் வடியும் ஊட்டக்கரைசலைத் தொட்டிக்கே திருப்பி மறுபடி செலுத்துவதா, ஒரு முறை பாய்ந்ததும் வெளியேற்றிவிடுவதா? இரண்டு முறைகளையும் வீட்டில் வைத்துப் பார்த்த பிறகு, தக்காளி, மிளகாய், குடைமிளகாய் மூன்றையும் வடித்துவிடும் முறைக்கே மாற்றிவிட்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

மறுசுழற்சியில் நீரும் உரமும் மிச்சமாகும் என்பதில் ஐயமில்லை. அமைப்புச் செலவிலும் பெரிய வேறுபாடு கிடையாது. பம்ப், டைமர், வடிகட்டி, 16 மி.மீ. குழாய், சொட்டுவான்கள் ஆகியவை இரண்டுக்கும் பொது; மறுசுழற்சிக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது சரிவான வடிகால் ஒன்றே. உண்மையான வேறுபாடு பராமரிப்பில் இருக்கிறது, அதுவும் தொட்டிக்குத் திரும்பி வரும் நீரில் என்னவெல்லாம் கலந்திருக்கிறது என்பதில் இருக்கிறது.

செடி எல்லாச் சத்துகளையும் ஒரே வேகத்தில் உறிஞ்சுவதில்லை. நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம் ஆகியவை விரைவில் குறைகின்றன; கால்சியம், சல்பேட், நீரோடு வந்த சோடியம் ஆகியவை தேங்குகின்றன. கரைசலின் மின்கடத்துதிறனை அளக்கும் ஈசி மீட்டரோ கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மட்டுமே காட்டும். கரைசல் கலந்த அன்று 2.0 காட்டிய மீட்டர், சில நாள் கழித்தும் அதே 2.0 காட்டலாம்; ஆனால் அந்த எண்ணுக்குள் பொட்டாசியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்திருக்கக்கூடும். நைட்ரேட்டை அதிகம் உறிஞ்சும் வேர்கள் கரைசலின் பிஎச் எனும் அமில-கார அளவையும் மேலே தள்ளுகின்றன. அது 6.5-ஐத் தாண்டும்போது இரும்புச்சத்து செடிக்கு எட்டாமல் போய் இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க வெளிறுகின்றன. மேலும் உயர்ந்தால் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து வெண்படிவாக இறங்குகின்றன. இதற்கெல்லாம் வீட்டளவில் உள்ள ஒரே நம்பகமான தீர்வு, ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை தொட்டி முழுவதையும் காலிசெய்து புதிதாகக் கலப்பதுதான். அப்படிக் கொட்டும்போது, மிச்சமானதாக நினைத்த நீரிலும் உரத்திலும் ஒரு பங்கு போய்விடுகிறது.

அடைப்பும் இதே காரணத்தால்தான் வருகிறது. திரும்பும் நீரில் கோகோபீட் எனும் தென்னை நார்த்தூளின் துகள், உதிர்ந்த வேர்த்துணுக்கு, பாசி எல்லாம் கலந்து வந்து, ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இல்லாத சொட்டுவான் துளை வழியே மீண்டும் மீண்டும் செல்கின்றன. அடைபட்ட சொட்டுவானைப் பிரித்துப் பார்த்தால் வளைந்து செல்லும் நீர்ப்பாதையில் வெண்மையான பொருக்கும், அதன்மேல் பழுப்பு நிறச் சளிப்படலமும் தெரியும். பொருக்கு சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறினால் கரையும். சளிப்படலம் அதற்கு அசையாது, அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு தேவை. ப்ளீச் பயன்படுத்துவோர் அதை அமிலத்தோடு எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்கக் கூடாது. நச்சான குளோரின் வாயு வெளிப்படும். வடித்துவிடும் முறையில் குழாய்க்குள் புதிய கரைசல் மட்டுமே செல்வதால், 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்ணிகள்) வடிகட்டியை அவ்வப்போது அலசுவதும் குழாயின் கடைமுனையைத் திறந்து கழுவிவிடுவதும் பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. வேரழுகலை உண்டாக்கும் பித்தியம் என்ற நுண்ணுயிரி ஒரு பையில் தோன்றினால், பொதுத்தொட்டி வழியே மற்றப் பைகளுக்குப் பரவும் வாய்ப்பும் இதில் இல்லை.

வடித்துவிடுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பாய்ச்சும் அளவில் 10 முதல் 20 விழுக்காடு அடியில் வடிய வேண்டும். அதற்கும் குறைந்தால் உப்பு பைக்குள்ளேயே தேங்கும். வடிந்த நீரின் ஈசி, உள்ளே செலுத்தியதைவிடக் கணிசமாக உயர்ந்திருந்தால் உரத்தைக் கூட்டாமல் பாய்ச்சலைக் கூட்ட வேண்டும். ஒரேயடியாக நெடுநேரம் விடுவதைவிட, குறுகிய நேரமாகப் பல முறை விடுவது நல்லது. வடிந்த நீரைச் சாக்கடையில் விட வேண்டியதில்லை. நீர் கலந்து நீர்க்கச் செய்து மண்ணில் வளரும் செடிகளுக்கு ஊற்றலாம்.

சொட்டுவான் தேர்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குழாயில் அழுத்தம் மாறினாலும் ஒரே அளவில் சொட்டும், அழுத்தத்தை ஈடுசெய்யும் சொட்டுவான்கள் சீராக இயங்க அநேகமாக 0.5 முதல் 1 பார் வரை அழுத்தம் வேண்டும். இரண்டு மீட்டர் உயரம் மட்டுமே ஏற்றும் சிறு மூழ்கு பம்ப் தருவது 0.2 பார்தான். அத்தகைய பம்போடு, ஒரே நீளத்தில் வெட்டிய திறந்த நுண்குழாய்களே நன்றாக வேலைசெய்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு குவளை வைத்துச் சில நிமிடம் ஓடவிட்டு அளந்தால், எது பின்தங்குகிறது என்பது செடி வாடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

மறுசுழற்சிக்கே பொருத்தமான இடங்களும் இருக்கின்றன. களிமண் உருண்டைகளில் வளர்ப்பவர்கள் நாள் முழுதும் அடிக்கடி நீர் விட வேண்டியிருப்பதால், வடித்துவிட்டால் விரயம் மிகுதியாகும். லெட்யூஸ் போன்ற குறுகிய காலக் கீரைகளில், உப்புச் சமநிலை மோசமாகக் கெடுவதற்குள் அறுவடை முடிந்துவிடுகிறது. நானும் அவற்றை இன்னும் மறுசுழற்சியில்தான் வைத்திருக்கிறேன். பெரிய கொள்ளளவுத் தொட்டியோடு வெள்ளரி போன்ற கொடிகளை நெடுங்காலம் மறுசுழற்சியில் வளர்த்த அனுபவம் எனக்குக் குறைவு. தொட்டி பெரிதாக இருந்தால் மாற்றங்கள் மெதுவாக நிகழும் என்பதால், அங்கே என் கணக்கு ஓரளவு மாறக்கூடும். அந்த வழியில் செல்பவர்கள் ஒளி புகாத தொட்டியையும் கறுப்புக் குழாயையும் பயன்படுத்தி, வடிநீர் தொட்டியில் விழும் வாயிலேயே ஒரு வலையையும் பொருத்தினால், சொட்டுவான்களைக் கழற்றிக் கழுவும் வேலை பெருமளவு குறையும்.